ஐந்து நாட்டிலிருந்து வந்த ஒரே சாறி

கரம்பொன்,
புதன்கிழமை.

அன்புள்ள மகள் நிரோஜினிக்கு,

அப்பாவின் இடது முழங்காலையும் கிணற்று மோட்டரையும் தவிர இங்கே மற்றதெல்லாம் சுகம். நீயும் மருமகனும் பேரனும் அந்தக் குளிருக்குள் நோய்நொடி இல்லாமல் இருக்க நயினாதீவு அம்பாள் பார்த்துக்கொள்வாள். அம்பாளின் பெயரை எடுத்தவுடனே ஒரு வெட்கக்கேட்டையும் சொல்லிவிட வேண்டும். தேருக்குப் போன இடத்தில் உன் பெயரால் ஒரு பொய் சொல்லிவிட்டேன் பிள்ளை. நீ அனுப்பாத சாறி ஒன்றை நீ அனுப்பியது என்று இறங்குதுறையில் ஊர் கேட்கச் சொன்னேன். ஆராவது உனக்குப் போன் எடுத்துக் கேட்டால் ஓம் என்று சொல்லு, மயில்கழுத்து நிறம், செம்புக் கரை, அதற்குமேல் ஒன்றும் கதையாதே. இதைப் போனில் சொல்ல வழியில்லை. உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பார், எங்கள் வீட்டு ஸ்பீக்கர் வேலணை வரை கேட்கும். அதனால்தான் விடுமுறை முடிந்து பாரிசுக்குத் திரும்புகிற நிசாந்தனிடம் கடிதமாகக் கொடுத்து விடுகிறேன். நல்ல பொடியன், தமிழ் வாசிக்கத் தெரியாது, கடிதம் கொண்டுபோக அவனைவிட நம்பிக்கையான ஆள் கிடைக்காது.

இனி நீ கேட்ட விசயத்துக்கு வருகிறேன். வதனி மாமி தன் கடையில் உன்னைப் பங்காளியாகச் சேரச் சொல்லுகிறாள், அங்கிருந்து உடுப்புகளைத் தெரிந்தெடுத்து அனுப்பச் சொல்லுகிறாள், அம்மா என்ன சொல்லுறீங்கள் என்று கேட்டாய். நீ கேட்ட நேரம் உன் மாமி எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து என் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தாள், ஆனபடியால் யோசிப்பம் என்று மட்டும் சொன்னேன். இப்போது யோசித்துவிட்டேன். வேண்டாம். இந்த மாதம் முடிய முன்னம் அவளுக்கு மறுமொழி சொல்ல வேண்டும் என்றாயே, அதைச் சொல்லு.

உன் அப்பாவின் தங்கை என்பதற்காகக் கொஞ்சம் குறைத்தே எழுதுகிறேன். அவள் கடை என்று சொல்லுகிறது அவளுடைய வீட்டு விறாந்தையை. அதைக் கண்ணாடியால் அடைத்து, மேலே வதனிஸ் பூட்டிக் என்று ஊதா நிறத்தில் பலகை அடித்து, பலகையைச் சுற்றி மின்னுகிற பல்பும் மாட்டியிருக்கிறாள். ஊர்காவற்றுறை பஸ்ஸில் போகிறவர்கள் ஆரோ வீட்டில் கலியாணம் என்று எட்டிப் பார்க்கிறார்கள். வாசலில் ஒரு பொம்மை நிற்கிறது. வெள்ளைக்காரி, ஒரு கை இல்லை, அந்தத் தோளில் சாறித் தலைப்பைப் போட்டு மறைத்திருக்கிறாள். உன் அப்பா கண்ணாடி போடாமல் போன ஒரு காலை அந்தப் பொம்மையிடம், என்ன பிள்ளை கோயிலுக்கோ என்று கேட்டு, மறுமொழிக்குக் காத்து நின்றிருக்கிறார். அது மறுமொழி சொல்லவில்லை என்று வீட்டுக்கு வந்து என்னோடு கோபம். மாடு இரண்டையும் விற்ற கையோடு வதனி சும்மா இருக்க ஏலாமல் தொடங்கின தொழில் இது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் நடுவில் வளர்ந்தவள், இப்போது லேஸ் என்கிறாள், சில்க் என்கிறாள், பிளவுஸுக்குப் பின்பக்கம் ஜன்னல் வைக்கலாம் மச்சாள் என்கிறாள். என் முதுகில் ஜன்னல் வைத்தால் ஆர் எட்டிப் பார்ப்பது.

அந்தப் படலை வாசலை மிதியேன் என்று நான் எல்லாருக்கும் முன்னால் சொன்னது உண்மை. இலட்சுமிப்பிள்ளை அக்காவும் சொன்னவ, பள்ளிக்கூட அதிபரின் மனைவியும் சொன்னவ. உனக்குத் தெரியும்தானே எங்கள் தீவை. ஒருத்தி புதுச்சாறி கட்டினால் முதல் கேள்வி எங்கே வாங்கினது, இரண்டாம் கேள்வி ஆர் அனுப்பினது. கரம்பொனில் வாங்கினது என்று சொல்லிப் பார், மூன்றாம் கேள்வி வராது, ஒரு ஓகோ வரும், அந்த ஓகோவைக் கேட்டுக்கொண்டு உயிரோடு இருக்க ஏலாது. அதனால்தான் ஆறு மாதம் ஒரு குருவிகூட அந்தக் கடைக்குள் போகவில்லை. நான் மனதுக்குள் சந்தோசப்பட்டேன், அதையும் ஒளிக்கவில்லை.

அப்போதுதான் அவள் சமைக்கிற குசினிக்குப் பின்னால், வேலிப் பக்கமாக ஒரு சின்னக் கதவு வைத்தாள். ஒருத்தருக்கும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் வந்து, மச்சாள், முன்பக்கம் வரத் தேவையில்லை, கறிவேப்பிலை கேட்க வாற மாதிரி இப்படி வாங்கோ, ஆருக்கும் தெரியாது என்றாள். நான் கறிவேப்பிலைக்குத்தான் போனேன். போன இடத்தில் ஒரு நிலைக்கண்ணாடி, அதைச் சுவரில் கொஞ்சம் சாய்த்து வைத்திருக்கிறாள், அதில் பார்த்தால் ஆள் மெலிவு. எனக்கு அது சூழ்ச்சி என்று தெரியும், தெரிந்துகொண்டே ஐந்து தரம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அந்த மயில்கழுத்துச் சாறியைத் தோளில் போட்டுவிட்டு, அம்பாளாணை மச்சாள், இது ஒண்டே ஒண்டுதான் வந்தது, உங்களுக்கெண்டு எடுத்து வைச்சனான் என்றாள். நான் கறிவேப்பிலையை மறந்துவிட்டுச் சாறியோடு வீட்டுக்கு வந்தேன். அன்று உன் அப்பாவுக்குத் தாளிக்காத சொதி.

தேரன்று குறிகாட்டுவான் துறையில் படகு ஏறினோம். ஏறினவுடன் எல்லாருக்கும் அந்தத் தோடம்பழச் செம்மஞ்சள் நிற உயிர்காப்பு அங்கியைப் போட்டுவிட்டு, கீழே நெருக்கி இருத்திவிட்டார்கள். ஆர் என்ன கட்டியிருக்கிறாள் என்று தெரியவில்லை, தெரிந்தது முகமும் கொண்டையும்தான். நயினாதீவில் இறங்கி, அங்கியைக் கழற்றித் தாங்கோ என்று படகுக்காரன் கேட்க, கழற்றினோம். முதலில் நான். மயில்கழுத்து, செம்புக் கரை. எனக்குப் பின்னால் இலட்சுமிப்பிள்ளை அக்கா. மயில்கழுத்து, செம்புக் கரை. அவவுக்குப் பின்னால் அதிபரின் மனைவி, அவவுக்குப் பின்னால் சங்கக்கடை மனேச்சரின் மனைவி, கடைசியில் அவவின் தங்கச்சி. பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கு ஒரே உடுப்பில் வந்த அணி மாதிரி வெயிலில் நின்றோம். அங்கியைத் திருப்பிக் கேட்டு வாங்கலாமோ என்று கூட நினைத்தேன், மற்றவர்களின் முகத்திலும் அதே யோசினைதான் ஓடியது.

ஒருத்தியும் ஒருத்தியைக் கேட்கவில்லை, ஆனால் எல்லாரும் சொன்னோம். நான்தான் தொடங்கினேன், நிரோஜினி பாரிசிலிருந்து அனுப்பினது என்றேன். இலட்சுமிப்பிள்ளை அக்கா, எனக்குச் சுவிஸிலிருந்து மூத்தவன் என்றா. பிறகு லண்டன் வந்தது, நோர்வே வந்தது, தங்கச்சிக்காரி மிஞ்சியிருந்த கனடாவை எடுத்துக்கொண்டாள். பின்னால் தடியூன்றிக்கொண்டு இறங்கின ஏரம்பு அண்ணை எங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, ஐஞ்சு நாட்டிலையும் ஒரே தறிதான் ஓடுது போல, உலகம் நல்லா ஒற்றுமையாப் போச்சுது என்றார். அந்த மனிசனுக்கு எண்பது வயது, கண் மட்டும் இருபது.

அந்த நேரம் பார்த்து அதே படகின் கடைசி ஆளாக இறங்கி வந்தாள் வதனி. பழைய நூல்சாறி, கையில் அர்ச்சனைத் தட்டு. அவள் ஒரு சொல் சொன்னால் போதும், அதற்குப் பிறகு எந்தத் தேரும் எங்களை இழுத்து நிமிர்த்தியிருக்காது. ஆறு மாதம் நாங்கள் அவளைப் பற்றிக் கதைத்ததெல்லாம் அவளுக்குத் தெரியும், உன் மாமிக்குக் காது நல்ல கூர். அவள் நின்று, ஒவ்வொருத்தரையும் அவசரமில்லாமல் ஆறுதலாகப் பார்த்து, என்னிடம் வந்து தலைப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளை அனுப்பினதோ மச்சாள், வெளிநாட்டுத் துணி வெளிநாட்டுத் துணிதான், எங்கட கடையிலை இப்பிடி ஒண்டு தேடிக் காணேலாது என்றாள். பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள்.

இப்போது சொல்லு, இப்படி முகம் மாறாமல் பொய் சொல்லுகிறவளோடு கூட்டு வியாபாரம் செய்யலாமோ. அம்பாள்மேல் சத்தியம் பண்ணி, அந்த அம்பாளின் தேருக்கே எங்களை ஒரே நிறத்தில் அனுப்பினவள். அடுத்த நாள் போய்க் கேட்டேன், பின்கதவால்தான் போனேன். மொத்தக் கடையில் ஒரே டிசைனைக் கட்டாகத்தான் தருவினம் மச்சாள், நிறத்தை மாத்தி எடுக்கவேணும் எண்டு எனக்கு ஆர் சொல்லித் தந்தது, எனக்கு அந்த நிறம் பிடிச்சுது என்றாள். இதுதான் அவளின் வியாபார மூளை. ஒண்டே ஒண்டு எண்டு சத்தியம் பண்ணினியே என்று கேட்டேன், நீங்கள் எல்லாரும் அதைக் கேக்கத்தானே வந்தனீங்கள் என்றாள். பிறகு இன்னொன்றும் சொன்னாள், அதுதான் எனக்குச் சகிக்கவில்லை. நிரோஜினி உண்மையாகவே அங்கையிருந்து அனுப்பினால் ஒருத்தரும் பொய் சொல்லத் தேவையில்லையே மச்சாள், அதுக்குத்தான் பிள்ளையைக் கேட்டனான் என்றாள். என்ன துணிவு பார். எங்கள் பொய்யைச் சரிக்கட்ட உன்னைப் பங்காளி ஆக்குகிறாளாம்.

அதற்குப் பிறகு அந்தப் பின்கதவுக்கு ஆள் கூடிவிட்டது, வேலியோரம் புல்லெல்லாம் மிதிபட்டு ஒற்றையடிப் பாதை விழுந்திருக்கிறது. வாய் திறக்காத கடைக்காரி என்று பெயர் எடுத்துவிட்டாள், அவ்வளவுதான். ஊர் முழுக்கக் கறிவேப்பிலைக்குப் போகிறது, மரத்தில் ஓர் இலைகூடக் குறையவில்லை. இது எத்தனை நாளைக்கு. மாரி தொடங்க மூடுவாள் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். உனக்கு நல்ல வேலை இருக்கிறது, பிள்ளையைப் பார், இந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் தலையைக் கொடாதே. இதையெல்லாம் யோசித்த பிறகும் சேரத்தான் போகிறாய் என்றால் நிறத்தை நீயே தெரிந்தெடுத்து அனுப்பு, அந்த வேலையை அவளிடம் விடாதே.

பேரனுக்குத் தலையில் எண்ணெய் வைக்க மறவாதே, அங்கே குளிர் என்று சாட்டுச் சொல்லாதே. மருமகனைக் கேட்டதாகச் சொல்லு. ஒரு குறையும் இல்லாமல் நீங்கள் மூவரும் நீடு வாழ வேண்டும். சாறி விசயம் ஞாபகம் இருக்கட்டும், மயில்கழுத்து, செம்புக் கரை, நீ அனுப்பினது.

இப்படிக்கு,
உன் நன்மையை மட்டுமே நினைக்கிற
அம்மா.

பி.கு. எழுத்துக் கோணியிருந்தால் குறை நினையாதே, மேசை முழுக்க ஊசியும் அளவுநாடாவும் கிடக்கிறது. புதன்கிழமைகளில் வதனி சரக்கெடுக்கப் பட்டணம் போகிறவள், அன்றைக்குப் பின்கதவைத் திறந்துவிட ஓர் ஆள் வேணும் என்றாள். இப்போது ஆரோ தட்டுகினம், தட்டுகிற விதத்தைப் பார்த்தால் இலட்சுமிப்பிள்ளை அக்கா, ஆகவே நிறுத்துகிறேன்.