நார்த்தம்பர்லண்ட் தெரு என்று சொல்ல முடியாத மத்தியானம்

ஹல், வியாழக்கிழமை

அன்புள்ள டெரிக்குக்கு அப்பா எழுதுவது. அம்மா பிழைத்துவிட்டாள், நேற்று எழுந்து உட்கார்ந்து ஆஸ்பத்திரித் தேநீரைத் திட்டினாள், ஆகவே இங்கே நலம் என்றே எழுதலாம். வினிபெக் குளிரில் நீயும் நலமாக இருக்க வேண்டும். "அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியணுமாப்பா, ஒரு போன் பண்ண முடியாதா?" என்று கேட்டிருந்தாய். கோபம் நியாயம்தான்.

அன்று மத்தியானம் அம்மா அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன், எடுத்த பெண் எந்தத் தெரு என்றாள். சொல்லில் அழுத்தம் எங்கே விழுகிறதோ அங்கேதான் எனக்குத் திக்கும், உனக்குத் தெரியும். திக்குவாய் வகுப்பில் திருமதி பாஸ்க் நீளமான சொல்லைத் துண்டு போடச் சொல்வார். நம் தெரு என்றால் நார், தம், பர், லண்ட். இதில் கனம் தம்மில், அதன்மேல் போய் முட்டாதே, முந்தின துண்டிலிருந்து மெல்ல வழுக்கிக்கொண்டு போ என்பார். வகுப்பில் வழுக்கும். அன்றைக்கு நார் வந்தது, தம் வரவில்லை, தொண்டையை யாரோ உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். கண்ணெதிரே அம்மாவின் உதடு நீலம் பாரிக்கிறது, இத்தனை வருஷம் கடையிலும் வங்கியிலும் எனக்காகப் பேசிய வாய் அது, நான் நார் நார் என்று நிற்கிறேன். "பதறாதீங்க, நான் எங்கயும் போகல, மெதுவாச் சொல்லுங்க" என்றாள் அந்தப் பெண். மேஜையைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். கடைசியில் மூச்சோடு மூச்சாகத் தம் கழன்று வந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். அந்தக் கொஞ்சம் எவ்வளவு பெரியது என்று எனக்குத்தான் தெரியும்.

இப்போது வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறேன். போன் அடித்தால் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். மீன் கடையில் ஹாடக் கேட்கப் போய், வாய்க்கு வருவது காட் மீன் என்பதால் தினமும் அதையே தின்கிறேன். "வாயைத் தொறந்து கேளேண்டா, கடைக்காரன் உன்னைக் கடிச்சா தின்னுடுவான்?" என்கிறாள் எனிட் அத்தை.

நான் போன் பண்ணாமல் இல்லை டெரிக். அன்று சாயங்காலமே பண்ணினேன். ஹலோ ஹலோ என்றாய், "எவன்டா அது, பொழுது போகலையா?" என்று வைத்துவிட்டாய். உன் பெயரில் அழுத்தம் முதல் துண்டிலேயே விழுகிறது, வழுக்கி வர முன்னால் ஒரு துண்டும் இல்லை.

காதை மூடித் தொப்பி போட்டுக்கொள். கடவுள் உன்னைக் காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போன் அடித்து யாரும் பேசாவிட்டால் வைத்துவிடாதே.

உன் அப்பா,
வில்ஃப்