வழி மூன்று திறந்திருக்கிறது

நாள் 2214 — 07:10

தளம் இயங்குகிறது. சர்வர் வெப்பம் சரி. வெளியே தூசி, பார்வை நூறு மீட்டர்.

எனக்குப் பிறகு இந்தக் குடிலுக்கு வருபவருக்காக எழுதுகிறேன். என் பெயர் ஜெசிந்தா. செவ்வாயில் இறங்கிய நாளிலிருந்து, ஆறு வருடமாக, பள்ளத்தின் விளிம்பில் இந்த சர்வர் குடிலில் இருக்கிறேன். கீழே நிலத்தடியில் நான்கு கூடங்கள், இருநூற்று நாற்பத்து மூன்று பேர். தண்ணீருக்கும் வெளியேயும் போகும் சுரங்க வழிகளில் எது திறந்திருக்கிறது, எங்கே காற்று சரியில்லை, தண்ணீர் எப்போது, எல்லாவற்றையும் அவர்கள் சுவர்த்திரையில் நம் இணையதளத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். உணர்கருவிகளின் அளவுகள் இங்கே வரும். நான் படித்துப் பதிவு போடுவேன்.

தளம் ஒரு திறமூல மென்பொருளில் ஓடுகிறது. பூமியில் யார் யாரோ சம்பளமில்லாமல் எழுதிக் கொடுத்தது. நல்ல மென்பொருள். ஆனால் பராமரிக்க ஆள் வேண்டும். இரண்டாவது ஆள் கேட்டு மூன்று முறை எழுதிவிட்டேன்.

ஏழு அப்டேட் பாக்கி. அடுத்த வாரம்.

நாள் 2214 — 11:40

மூன்றாம் வழியில் ஒரு கேபிள் எரிந்திருக்கிறது. தீ தானாக அணைந்துவிட்டது, ஆனால் கார்பன் மோனாக்சைடு அளவு மிக அதிகம். மணம் இல்லாத வாயு. நான்கு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும்.

"வழி 3 மூடப்பட்டது" என்று பதிவு போட்டேன். நான்காவது முயற்சியில்தான் ஏறியது. வழி அறிவிப்பைப் போடும் துணை நிரல், பிளகின், பழையது. அதை எழுதியவர் கடைசி வரியில் ஒரு குறிப்பு வைத்திருக்கிறார்: "எனக்கு நேரமில்லை, யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்." யாரும் எடுக்கவில்லை. இது அடுத்த முறை ஏறாமலே போகலாம். நாளை காலையில் எல்லாவற்றையும் அப்டேட் செய்துவிடுகிறேன்.

நாள் 2215 — 08:05

06:30க்கு அப்டேட் செய்தேன். தளம் வெறும் வெள்ளைப் பக்கமாகிவிட்டது. இந்தத் தொழிலில் எல்லோரும் பார்த்திருக்கிற வியாதிதான், முதலில் பயப்படவில்லை. டேட்டாபேஸ் புதிய வடிவத்துக்கு மாறிவிட்டது, பழைய பிளகினுக்கு அது புரியவில்லை. பேக்கப் எடுத்து மீட்கலாம் என்று திறந்தேன்.

கோப்பு காலி. அதற்கு முந்தைய நாளுடையதும் காலி. நாற்பது நாளாக தினமும் ஒரு காலிக் கோப்பைத்தான் சேமித்து வந்திருக்கிறது. "பேக்கப் முடிந்தது" என்று தினமும் செய்தி வந்தது. நான் ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.

நிர்வாகப் பக்கத்துக்குள் நுழைய முடியவில்லை. கீழே போகும் தொலைபேசி தூசிப்புயலில் போய்விட்டது. ஆனால் திரை வெறுமையாக இருந்தால் யாரும் கூடத்தை விட்டு நகரக்கூடாது என்பது விதி. அதனால் நேரம் இருக்கிறது.

நாள் 2215 — 08:50

நேரம் இல்லை.

இரண்டாம் கூடத்தில் ஒரு நகல் சர்வர் இருக்கிறது. போன வருடம் நான்தான் வைக்கச் சொன்னேன். என் தளம் விழுந்தால், தன்னிடம் உள்ள கடைசி நகலை அது காட்டும். இப்போது காட்டிக்கொண்டிருக்கிறது. நகல் பன்னிரண்டு நாள் பழையது. பக்கத்தின் மேலே தேதி மட்டும் தானாக மாறும், அதனால் இன்றைய தேதி போட்டிருக்கிறது.

இன்றைய தேதிக்குக் கீழே: "வழி 3 திறந்திருக்கிறது. தண்ணீர்க் குழு 12:00."

நாள் 2215 — 09:22

கருத்துப் பெட்டி மட்டும் வேலை செய்கிறது. கீழே கூடங்களில் இருப்பவர்கள் எழுதுவது எனக்கு வருகிறது. இது இப்போது வந்தது:

"வணக்கம் ஜெசிந்தா அம்மா. வழி மூணு ஒரே நாள்ல சரியாயிடுச்சு, சந்தோஷம். இங்க தொட்டி அடி தெரியுது. நாங்க ஆறு பேர் பன்னெண்டு மணிக்குக் கிளம்புறோம். எங்க பொண்ணு தாமரை பிறந்தநாளுக்கு நீங்க போட்ட வாழ்த்தை அவ இன்னும் படிச்சிக்கிட்டே இருக்கா. — குலசேகரன், தண்ணீர்க் குழு."

"போகாதீர்கள். பக்கம் பழையது. வழியில் விஷவாயு" என்று பதில் எழுதினேன். "உங்கள் கருத்து ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது" என்று வந்தது. ஒப்புதல் தர வேண்டியவள் நான். உள்ளே நுழைய முடியாதவளும் நான்.

பதினான்கு முறை எழுதினேன். பதினான்கும் காத்திருக்கின்றன.

நாள் 2215 — 09:48

நடந்து போகிறேன். மூன்றாம் வழியின் வெளிக்கதவு இங்கிருந்து நான்கு கிலோமீட்டர், சரிவு. அங்கே கைச்சக்கரம் உண்டு. அதைத் திறந்தால் வழியில் உள்ள காற்று முழுக்க வெளியேறும். அழுத்தம் விழுந்ததும் உள்கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். யாரும் நுழைய முடியாது.

உடையில் மூன்றரை மணி நேரக் காற்று. திரும்பி ஏறுவதற்குப் போதாது. கீழிருந்து வண்டி வந்தால் போதும்.

இனி உடையின் பதிவுக் கருவியில் பேசுகிறேன்.

நாள் 2215 — 11:43

கதவை அடைந்துவிட்டேன். இரண்டு முறை விழுந்தேன். இங்கிருந்து உள்கதவுக்கு ஒரு பேச்சுக் கம்பி இருக்கிறது. அழுத்தினேன். அவர்தான் எடுத்தார். கருவி பதிந்தது:

"குலசேகரன் பேசுறேன். வெளிக்கதவுல யாரு?"

"அண்ணே, ஜெசிந்தா. வழிக்குள்ள வராதீங்க. உள்ள விஷவாயு இருக்கு. தளத்துல இருக்கிறது பழைய பக்கம்."

"ஜெசிந்தா அம்மா மேல குடில்ல இருப்பாங்க. நீங்க யாரு?"

"நான்தாண்ணே. இறங்கி வந்திருக்கேன்."

"நான் அவங்க குரலைக் கேட்டதே இல்லம்மா. எழுத்துதான் தெரியும். நீங்க அவங்கன்னா தளத்துல போடுங்க."

"தளத்துல போட முடியல. அதனாலதான் வந்தேன்."

"போன மாசம் சாப்பாட்டுக் கிடங்கு காலின்னு எவனோ கம்பியில புரளி கிளப்பினான். ஒருத்தரை ஒருத்தர் மிதிச்சு ரெண்டு பேருக்குக் கால் போச்சு. அன்னைக்கு அவங்கதான் போட்டாங்க, தளத்தில் இல்லாத எதையும் நம்பாதீர்கள்னு. நாங்க அப்படித்தான் இருக்கோம்."

"தலைவரைக் கூப்பிடுங்க."

"அவர் ஒண்ணாம் கூடத்துல இருக்கார், வர அரை மணி ஆகும். இங்க பிள்ளைங்களுக்குத் தண்ணி இல்ல."

அந்த அறிவிப்பை நான்தான் எழுதினேன். நன்றாக எழுதியதாக நினைத்திருந்தேன்.

சக்கரத்தைச் சுற்றப் போகிறேன்.

நாள் 2215 — 12:02

தூசி அடைத்துக்கொண்டு சக்கரம் நகரவில்லை. கதவில் காலை ஊன்றி இழுத்தேன். வலது தோள் ஏதோ ஆகிவிட்டது. பதினொன்று ஐம்பத்தெட்டுக்குத் திறந்தது. காற்று என்னைப் பின்னால் தள்ளிவிட்டுப் போனது. உள்கதவின் நிலையைக் காட்டும் விளக்கு சிவப்பாகிவிட்டது.

பூட்டிக்கொண்டது. ஆறு பேரும் அந்தப் பக்கம்.

நாள் 2215 — 12:31

வேகமாக மூச்சு வாங்கியதில் காற்று நினைத்ததைவிடக் குறைந்துவிட்டது. முப்பத்தைந்து நிமிடம். ஒன்றாம் வழியிலிருந்து வண்டி எடுத்தால் நாற்பது நிமிடம். கம்பியில் கேட்டேன். குலசேகரன் கோபமாக இருக்கிறார்.

"கதவைப் பூட்டிட்டீங்க. தண்ணி இல்லாம பண்ணிட்டீங்க. வண்டி வேறயா?"

"அண்ணே, ரெண்டாம் வழி சுத்தமா இருக்கு. தூரம்தான், ஆனா போகலாம். தண்ணிக்கு அப்படிப் போங்க. எனக்கு வண்டி மட்டும் அனுப்புங்க."

"ரெண்டாம் வழி பத்தித் தளத்துல ஒண்ணும் போடலயே."

நாள் 2215 — 12:50

வருபவருக்கு. நகல் சர்வரை முதலில் அணைக்கவும். நிர்வாகி கடவுச்சொல் குடிலில் மேசை இழுப்பறையில். பேக்கப்பைத் திறந்து பார்க்கவும். தினமும். அந்த பிளகினை எடுத்துப் போட்டுவிட்டு வழி அறிவிப்பை வெறும் எழுத்தாகவே

தோள் வலிக்கிறது. தலைக்கவசக் கண்ணாடிக்குள் நீர் கோத்திருக்கிறது.

நாள் 2215 — 13:01

கம்பியில் மறுபடி அவர். குரல் தணிந்திருக்கிறது.

"இந்தாம்மா, நீங்க யாரோ. உங்களைத் திட்டினதுக்கு வருத்தப்படாதீங்க. இங்க எல்லாரும் பதட்டத்துல இருக்கோம். ஒண்ணும் கவலை இல்ல. நடந்ததை எல்லாம் விவரமா எழுதித் தளத்துல போட்டுட்டேன், வெளிக்கதவுல ஒரு பொண்ணு மாட்டிக்கிட்டு இருக்குன்னும் போட்டிருக்கேன். ஜெசிந்தா அம்மா உடனே பார்ப்பாங்க. எப்பவும் அஞ்சு நிமிஷத்துல பதில் போட்டுடுவாங்க. அவங்க சொன்னதும் வண்டி எடுத்துடுவோம்."

சரி அண்ணே என்றேன்.

"நாங்க திரையையே பார்த்துக்கிட்டு இருக்கோம். நீங்க அங்கேயே இருங்க."

நாள் 2215 — 13:06

இருக்கிறேன்