சூறாவளிக்கு இன்னொரு பொருள்

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

இதுவரை நானும் மகளும் சுகம். உங்கள் அகராதி ‘சூறாவளி’யில் வந்து நிற்கிறது, இங்கே அந்தச் சொல்லை எப்படியெல்லாம் பேசுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். சுழன்றடிக்கும் காற்று என்பது ஊரறிந்தது. எங்கள் வீட்டில் அது உங்கள் மருமகளின் பட்டப்பெயர். நேற்று மாவு டப்பாவைக் கவிழ்த்து, தரையெல்லாம் படம் வரைந்தாள். திட்டினால், “மாமா புக்குல என் பேரு வருமே” என்கிறாள்.

எல்லையில் நிலவரம் சரியில்லை. கொஞ்ச நாள் அங்கே வந்து இருக்கட்டுமா? உறவினரின் சம்மதக் கடிதம் இருந்தால்தான் சோதனைச் சாவடியில் விடுவார்களாம்.

தங்கை

மார்ச் 12

அன்புத் தங்கைக்கு,

மாவு ஓவியரை விசாரித்ததாகச் சொல். ‘அடங்காத பிள்ளை’ என்று சேர்த்துவிட்டேன். இது உன் வீடு, கேட்கவே வேண்டாம். ஆனால் பின்னறைத் தரை முழுக்கச் சொல் அட்டைகளைப் பரப்பியிருக்கிறேன். அந்த வாண்டு கால் வைத்தால் ஆறு வருட உழைப்பு அம்பேல். சகர வரிசை முடியட்டும், மே மாதம் வாருங்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

ஏதோ போர் விமானத்துக்கும் சூறாவளி என்று பெயராம். அங்கே யாராவது சொல்கிறார்களா?

அண்ணன்

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

சொல்கிறார்கள். “சூறாவளி வருது, படுங்க” என்று காய்கறிக்காரர் கத்தினால் யாரும் மேகத்தைத் தேடுவதில்லை. காற்று என்றால் மாடித் துணியை எடுக்கவாவது நேரம் இருக்கும். அடுத்த தெருவில் பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. மாடிப்படிக்கு அடியில் படுக்கிறோம். இவள் இப்போதெல்லாம் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசைவதில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருக்கிறது.

சமையலறை மூலை போதும் அண்ணா. அட்டைகளைத் தொடமாட்டாள், நான் பொறுப்பு. கடிதம் மட்டும் அனுப்புங்கள்.

தங்கை

ஏப்ரல் 9

தங்கைக்கு,

உடனே புறப்படுங்கள். சம்மதக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். அட்டைகளை மூட்டை கட்டிப் பரணில் போட்டாயிற்று. அவள் ஓடட்டும், உருளட்டும், எதை வேண்டுமானாலும் கவிழ்க்கட்டும். நிலையத்தில் காத்திருப்பேன்.

அண்ணன்

ஏப்ரல் 27

அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. விமானத்தையும் அகராதியில் சேர்க்கத்தான் போகிறீர்கள். சேருங்கள். அவளுடைய வரிக்கு அடுத்த வரியில் மட்டும் போடவேண்டாம்.

உங்கள் மேல் எனக்குக் கோபம்தான். இல்லை என்று பொய் சொல்ல வரவில்லை.

சாவடியில் கேட்டுப் பார்த்தேன். இரண்டு பேர் பெயர் எழுதியிருக்கிறது, ஒருவர் மட்டும் போனால் அந்தக் கடிதம் செல்லாதாம். திருத்தி அனுப்பவேண்டாம். அவளை இங்கே மண்ணுக்கடியில் தனியாக விட்டுவிட்டு நான் எங்கே வருவது.

தங்கை