அவள் தைத்த கூடம்

மார்ச் 2, திங்கள்

மகள் தொலைபேசியில் முடிவாகச் சொல்லிவிட்டாள். இருபத்திரண்டாம் தேதி அவளுடைய அம்மாவுக்கு ஆண்டு நினைவு. வழிபாட்டுக் கூடத்தில் நான் பேச வேண்டுமாம். என் மனைவி கடைசியாகத் தைத்த துணியையும் அன்றைக்குக் கூடத்துச் சுவரில் மாட்டப் போகிறார்களாம். "பத்து நிமிஷம்தான்ப்பா. உங்களை விட்டா அம்மாவைப் பத்தி யாரு பேசுவா?" யார் வேண்டுமானாலும் என்னைவிட நன்றாகப் பேசுவார்கள். ஆனாலும் சரி என்றேன்.

குறிப்பு எடுக்காமல் எனக்கு எதுவும் ஓடாது. இங்கே ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்கிறேன்.

1. அவளுடைய பக்தி.
2. அவளுடைய கைவேலை.
3. பிள்ளைகளை வளர்த்த விதம்.
4. முடிக்க முடியாமல் அவள் விட்டுப்போன கடைசித் துணி.

நான்காவதுதான் கேட்பவர்கள் மனத்தைத் தொடும் என்று நினைத்தேன். நினைத்த மறுகணம் கூசிப்போனேன். மனைவியின் சாவில் மேடைக்கு ஏற்ற இடம் தேடுகிறேனா?

மார்ச் 4, புதன்

பக்தி. அவள் கண்ணை மூடி உட்கார்ந்து பிரார்த்தித்ததைவிட, ஊசியும் கையுமாகப் பிரார்த்தித்ததுதான் அதிகம். துணியில் ஒருவருடைய உருவத்தை வெட்டுமுன் அவருடைய கஷ்டத்தைக் கடவுளிடம் சொல்வாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதைப் போல. "இந்த மனுஷனுக்கு முட்டி வலி, பாவம், மாடி வீடு வேற. கொஞ்சம் பாத்துக்கோங்க." பிறகுதான் கத்தரியை எடுப்பாள். நான் அதே அறையில் செய்தித்தாளைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொள்வேன்.

எனக்கு நம்பிக்கை இல்லை என்றில்லை. கூச்சம். கல்யாணமான புதிதில் ஒருமுறை அவளோடு வழிபாட்டுக் கூடத்துக்குள் போனேன். எல்லோரும் பாடி நிறுத்திய பிறகு என் குரல் மட்டும் தனியாக ஒரு வரி நீண்டது. முன்வரிசை திரும்பிப் பார்த்தது. அதோடு சரி. வாசல் வரை கொண்டுவிட்டு, எதிர் டீக்கடையில் உட்கார்ந்து, முடிந்ததும் அழைத்து வருவேன். வாரம் தவறாமல் கேட்பாள்: "இன்னைக்கு உள்ள வரீங்களா?" பிறகு ஏதோ ஒரு வருஷம் கேட்பதை நிறுத்திவிட்டாள். எந்த வருஷம் என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாடா என்றிருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

மார்ச் 7, சனி

கைவேலை. அலமாரியிலிருந்து துணியை எடுத்துக் கட்டிலில் விரித்தேன். கட்டிலை மீறி வழிந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூடம், முன்மேடையிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி. அவள் கற்பனையில் எதையும் தைக்க மாட்டாள். கண்ணால் பார்த்தது மட்டும்தான். அவரவர் கிழிந்த உடுப்பைக் கேட்டு வாங்கி, அதிலிருந்தே அவரவரை வெட்டித் தைத்திருக்கிறாள். பாட்டுக் குழுவின் பெரிய அம்மாள் வாயை முழுசாகத் திறந்திருக்கிறார். வங்கி மேலாளர் தலை சாய்ந்து தூங்குகிறார். உயிரோடு இருந்தபோது அவள் இதை அவருக்குக் காட்டினாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார், அவர் மனைவி சிரிக்கவில்லை. எங்கள் மகன், சின்னவனாக, மூக்கில் விரல். மகளுக்கு ஒரு காலுறை சரிந்திருக்கிறது.

என்னைத் தேடினேன். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போட்டே ஓய்வு பெற்றவன் நான். துணியின் மேல் நூலைக் குறுக்கும் நெடுக்கும் வைத்துக் கட்டம் கட்டமாகப் பார்த்தேன். நான் இல்லை.

நீலத் துணியில் பெஞ்சின் ஓரமாக அவள் இருக்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் பெஞ்சு நீள்கிறது. அதன் மேல் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் துணி. எங்கள் அலுவலகத்தில் வரைபடத்தில் ஓர் இடம் வெறுமையாக இருந்தால் இன்னும் அளக்கவில்லை என்று பொருள். ஆக, என்னை அங்கே வைக்கத்தான் இருந்தாள். அதற்குள் உடம்பு முடியாமல் போய்விட்டது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

மார்ச் 8, ஞாயிறு

சுவரில் மாட்டினால் எல்லோரும் பார்ப்பார்கள். "எல்லாரும் இருக்காங்க, வீட்டுக்காரரை மட்டும் காணோமே" என்று யாராவது சொல்வார்கள். சொல்லாவிட்டாலும் நினைப்பார்கள்.

மார்ச் 10, செவ்வாய்

எங்கள் தெருத் தையற்கார அம்மாவிடம் துணியையும் என் பழைய சாம்பல் நிறச் சட்டையையும் கொடுத்தேன். அவள் விட்டதை முடித்துத் தர வேண்டும் என்றேன். பொய் இல்லையே? "மீசை வைக்கட்டுமா சார்?" என்று கேட்டார். எனக்கு மீசை கிடையாது. வேண்டாம் என்று சொல்ல ஒரு நொடி தயங்கினேன் என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

மார்ச் 12, வியாழன்

பிள்ளைகளை வளர்த்த விதம். அடித்ததில்லை. பொய் சொன்னால் மட்டும் பேச்சை நிறுத்திவிடுவாள், உண்மை வரும் வரை. இதற்கு மேல் இன்று எழுத ஓடவில்லை.

மார்ச் 14, சனி

துணி வந்துவிட்டது. நிமிர்ந்த முதுகு, நேரான பார்வை. என்னைவிட நல்ல மனிதனாக உட்கார்ந்திருக்கிறேன்.

மார்ச் 15, ஞாயிறு

மகள் வந்தாள். விரலால் ஒவ்வொருவராகத் தொட்டுச் சிரித்துக்கொண்டே வந்தவள், சாம்பல் சட்டையில் நின்றுவிட்டாள்.

"அப்பா, அம்மா உங்களையும் வச்சிருக்காங்கப்பா."

அழுதாள். உங்களை விட்டிருப்பாங்களோ, பார்த்தால் உங்களுக்குத் தாங்காதே என்று ஒரு வருஷமாக இந்தத் துணியைப் பிரிக்கவே பயந்தாளாம். நான் அவள் தலையில் கை வைத்தேன். தலையில் கை வைத்தேன், வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 18, புதன்

மனைவியின் தங்கை ஊரிலிருந்து வந்திருக்கிறாள். வாய் சும்மா இருக்காத ஆள். துணியைப் பார்த்ததும், "இது யாரு அத்தான், பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி?" என்றாள். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு துணியின் பின்பக்கத்தைத் திருப்பினாள். சிரிப்பு போய்விட்டது.

"இது அக்கா கை இல்லையே."

அவள் முடிக்காமல் போனதை நான் முடிக்கக் கொடுத்தேன் என்றேன். திட்டியிருந்தால் தேவலை. துணியின் ஓரத்தை எடுத்து என் கையில் வைத்தாள். "ஓரம் மடிச்சுத் தச்சிருக்கா, பாருங்க. உள்ள வேலை மிச்சம் இருக்கறப்ப அவ என்னைக்காவது ஓரத்தைத் தொட்டிருக்காளா?"

தொட்டதில்லை. எந்தத் துணியானாலும் ஓரம்தான் கடைசி. இத்தனை வருஷம் எதிரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

"கூடத்துல அவ பக்கத்துல அந்த இடத்துல யாரையும் உட்கார விடமாட்டா அத்தான். நான் ஒரு தடவை உட்காரப் போனேன், பையைத் தூக்கி வச்சுட்டா. 'அவர் வந்தா எங்கடி உட்காருவாரு'ன்னா."

எப்போது என்று கேட்டேன்.

"அவ படுக்கையில விழறதுக்கு முன்னாடி மாசம். நீங்க எதிர்ல டீ குடிச்சிட்டிருந்தீங்க."

மார்ச் 19, வியாழன்

பேசாமல் இருந்துவிடலாம். மகளுக்குச் சந்தோஷம், எனக்கு மரியாதை. தங்கை சொல்ல மாட்டேன் என்கிறாள். யாருக்கு என்ன நஷ்டம்? — அவளுக்கு. அவள் பார்த்ததை மட்டுமே தைத்தவள். அவள் பெயரில் ஒரு பொய்யைச் சுவரில் மாட்டப் போகிறேன்.

மார்ச் 20, வெள்ளி

துணியை எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனேன். உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன், உட்கார்ந்தால் வராது. "அதை நான்தான் வச்சேன்மா. அம்மா வைக்கலை."

மகள் துணியை விரித்துச் சாம்பல் சட்டையை விரலால் தொட்டாள். பிறகு, "நான் அழுதப்ப பார்த்துக்கிட்டுதானே இருந்தீங்க?"

"ஆமா."

எழுந்து உள்ளே போனாள். குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம். திரும்பி வந்து சின்னக் கத்தரியை மேசையில் வைத்தாள். "நீங்களே பிரிங்க. துணி கிழிஞ்சிடக் கூடாது."

தையற்கார அம்மாவின் தையல் நெருக்கமானது. சட்டை, கழுத்து, கடைசியாக முகம். பிரித்த பிறகும் ஊசித் துளைகள் போகவில்லை. விரலால் தேய்த்துப் பார்த்தேன். மகள் விளக்கை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

மார்ச் 22, ஞாயிறு

மாட்டிவிட்டார்கள். வங்கி மேலாளர் துணிக்கு முன்னால் நின்று தன்னையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டப் போனால் துளைகள் தெரிகின்றன.

அவளுடைய பெஞ்சில் கைக்குழந்தையோடு புதிய குடும்பம் ஒன்று உட்கார்ந்திருந்தது. அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இடம் கேட்கக் கூச்சமாக இருந்தது, கேட்க எனக்கு என்ன உரிமை? சுவரோரமாக நின்றேன். பாட்டு ஆரம்பித்தபோது கால் வாசலைப் பார்த்தது. போகவில்லை.

கூப்பிட்டார்கள். தாளைப் பிரித்தேன். முதல் மூன்று குறிப்பையும் எழுதியபடி வாசித்தேன். முட்டி வலிப் பிரார்த்தனைக்குச் சிரித்தார்கள், நல்லவேளை. நான்காவதில் நிறுத்திவிட்டுத் தாளை மடித்தேன்.

"நாலாவதா ஒண்ணு எழுதியிருந்தேன், இந்தத் துணியை அவ முடிக்கலைன்னு. அது தப்பு. அவ முடிச்சுட்டா. அந்த இடம் என்னோடது. நான் வரலை."