ஐஸ்பெட்டி இறங்கிய பிறகு

அன்பு மகளே கனோவே,

நீ வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். இங்கே நம் தீவில், ஹீலோவில் மழைக்குக் குறைவில்லை, நான் நலம், நாயும் நலம். அப்பாவைப் பற்றி அதே சொல்லை எழுதத்தான் கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் அப்பா எங்கே என்று கேட்டாய், பின்பக்கம் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறார் என்றேன். அது பொய்யில்லை. இடது கையால் திருப்பிக்கொண்டிருந்தார் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. உன் குரல் சந்தோஷமாக இருந்தது, அப்பா சன்னலுக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார், நம் வீட்டுப் பலகைச் சுவரைப் பற்றி உனக்குத் தெரியும், ஒருவர் பெருமூச்சு விட்டால் அடுத்த அறையில் கேட்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை பாறைப் பக்கம் வலை வீசப் போனோம். நான் மேலே புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். அப்பா எப்போதும் போல வலையைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு, அலை பின்வாங்கும்வரை அசையாமல் நின்றார். பிறகு வீசினார். வலை விரியவில்லை. கொடியிலிருந்து நழுவிய துணி மாதிரி அவர் காலடியிலேயே விழுந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை கோபமுமில்லை வலியுமில்லை, யாரோ கேட்ட கேள்வி புரியாதவர் பார்வை. வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. நான் இறங்கிப் போய்ப் பிடித்தேன், அது உயிருள்ள கையின் கனமாக இல்லை. ஒரு பாட்டுப் பாடி முடிக்கிற நேரம் இருக்கும், விரல் அசைந்தது, கை மூடித் திறந்தது, உடனே அவர் சிரித்து, வயசாயிடுச்சு மொமி, கை தூங்கிப் போச்சு என்றார். அன்று சாப்பாட்டின்போது நாயைக் கூப்பிட வாயெடுத்தவருக்குப் பெயர் வரவில்லை. அது, அது என்று விரலை நீட்டினார். பதினொரு வருஷமாக அவர் காலடியில் படுக்கிற நாய். நான் வேலை செய்யும் நூலகத்தில் அதைப் பற்றித் தேடிப் படித்தேன், மூளைக்கு ரத்தம் ஒரு நிமிஷம் தடைபட்டுத் திரும்பினால் இப்படி ஆகுமாம், அது பெரியது ஒன்று வருவதற்கு முன்னால் வருகிற தட்டலாக இருக்கலாமாம். படித்ததிலிருந்து அவர் கோப்பையை மேசையில் வைக்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் திரும்பிப் பார்க்கிறேன்.

நீ கேட்பாய், உடனே டாக்டரிடம் போக வேண்டியதுதானே என்று. உனக்குச் சாப்பாடு கட்டி எடுத்துவருகிற ஐஸ்பெட்டியை இறக்கியாகிவிட்டது கனோவே. உனக்கே தெரியும் இந்த வீட்டு வழக்கம். மீன் பிடிக்கப் போகிறவரை எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது, அவரும் சும்மா சுத்திட்டு வரேன் என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார், மீனுக்குக் காது உண்டு. நீ இருக்கிற லாஸ் வேகாஸுக்குப் போவதற்கும் அப்படித்தான். பரணிலிருந்து ஐஸ்பெட்டி கீழே இறங்கிவிட்டால் வீட்டில் நோய், சாவு, நஷ்டம் எதையும் வாயால் சொல்லக் கூடாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் யூனிஸ் அத்தை பர்ஸ் பத்திரம் என்று சொன்ன ஒரே குற்றத்துக்கு, அந்த ஐந்து நாளும் சூதாட்ட மேசையில் தோற்றதையெல்லாம் மெல்வின் மாமா அவள் தலையில் போட்டாரே, இன்றைக்கும் போடுகிறார். நான் படித்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அப்பா கையை உயர்த்தி நிறுத்தினார், நல்ல கையைத்தான். "பெட்டிய இறக்கியாச்சு மொமி. எதுவா இருந்தாலும் புள்ளயப் பாத்துட்டு வந்து பேசிக்கலாம்" என்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன். நான் இதையெல்லாம் நம்புகிறவளா? இல்லை. ஆனால் சொல்லிவிட்டால் நடந்துவிடுமோ என்கிற பயம் நம்பிக்கையைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

மெல்வின் மாமா தினமும் வருகிறார். பயணத்துக்கு எல்லா ஏற்பாடும் அவர்தான். அங்கே பழைய நகர்ப்பக்கத்து ஓட்டல், நம் தீவு ஆட்கள் தங்குகிற அதே இடம், போன வருஷத்து அதே மாடி. போன முறை ஜெயித்த சிவப்புச் சட்டையை இன்னும் துவைக்கவில்லையாம், கிட்டே உட்கார முடியவில்லை. இறங்கினதும் முதல்ல மாட்டுவால் சூப், அப்புறந்தான் மத்ததெல்லாம் என்கிறார். அப்பா நேற்று கொஞ்சம் பேசாமல் இருந்தார், உடனே மாமா, "என்னடா வெண்டெல், மாமனார் வீட்டுக்குப் போற மாப்ள மாதிரி உம்முன்னு இருக்க, இப்பவே தோத்துட்டியா" என்று சீண்டினார். அப்பா சிரித்தார். சிரிக்கும்போது வாயின் இரண்டு ஓரமும் ஒரே அளவில் ஏறுகிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறியது.

அங்கே நான்காம் நாள் முழுக்க உனக்காம், அப்பா சொல்கிறார். சூதாட்ட விடுதியில் நீ சீட்டுப் போடுகிற மேசையில் சொந்தக்காரர்களை உட்கார விடமாட்டார்கள் என்று நான் சொன்னதற்கு, எனக்குத் தெரியாதா, நான் எதுக்கு உக்காரணும், தூர நின்னு அவ கை போறதப் பாப்பேன், அது என் கைதானே என்றார். அதைக் கேட்ட பிறகு எப்படித் தடுப்பேன் சொல். நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. டாக்டரிடம் போனால் விமானம் ஏறாதே என்பார் என்று அவருக்கும் தெரியும், அதனால்தான் போகமாட்டேன் என்கிறார். எனக்கோ கண்ணை மூடினால் அந்த விமானம்தான் தெரிகிறது. ஹொனலூலுவை விட்டால் கீழே கடலைத் தவிர வேறொன்றும் இல்லாத அந்த நேரம், நான் நடு இருக்கையில், அவர் சன்னல் பக்கம் முகம் திருப்பித் தூங்குகிறார், தூங்குகிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

அதனால் நாங்கள் வந்து இறங்கினால் நீ ஒன்று செய்ய வேண்டும். பூமாலை வைத்திருப்பாய், ஓடி வருவாய். உடனே கட்டிக்கொள்ளாதே. முதலில் அவர் முகத்தைப் பார். சிரிக்கச் சொல். மாலை போடுகிற சாக்கில் இரண்டு கையையும் தூக்கச் சொல், இரண்டும் ஒரே உயரத்துக்கு வருகிறதா என்று பார். ஏதாவது குறைந்தால் அவர் என்ன சொன்னாலும் கேட்காதே, மாமா என்ன கேலி செய்தாலும் கேட்காதே, நேரே ஆஸ்பத்திரிக்கு வண்டியை விடு. இதையெல்லாம் உன் தலையில் கட்டுகிறேனே என்று இருக்கிறது. உன்னைப் பெற்றபோது எனக்குப் பதினெட்டு, பயம் என்றால் என்னவென்று தெரியாமல் பெற்றேன், அப்போது படாததையெல்லாம் இப்போது சேர்த்துப் படுகிறேன் போலிருக்கிறது.

நீ கேட்ட கருவாடு, சேப்பங்கிழங்குக் கூழ், தேங்காய்ப்பால் போட்ட கிழங்கு இனிப்பு எல்லாம் பெட்டியில் வரும். கூழை வாங்கினதும் குளிரில் வை, போன தடவை மாதிரி புளிக்க விட்டுவிட்டு என்னைச் சொல்லாதே. வேலை முடிந்ததும் அந்தச் சிகரெட் புகை ஊறிய துணியோடு படுக்காதே. பாலைவனக் குளிர் நம் ஊர்க்குளிர் இல்லை, கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே நிற்காதே. அப்பாவிடம் தொலைபேசியில் எதையும் கேட்டுவிடாதே. நீ எங்கே இருந்தாலும் உன் கையும் காலும் நன்றாக இருக்க வேண்டும், உன் வீட்டுக் கதவு நல்ல செய்திக்கே திறக்க வேண்டும்.

என்றும் உன் நினைவாக இருக்கும்
அம்மா, மொமி

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடவில்லை. ஒட்டி வைத்த மறுநாள் காலை மெல்வின் மாமா வந்து ஐஸ்பெட்டியை எடை போட்டுக்கொண்டிருந்தார், அப்பா ஒரு பக்கம் பிடித்திருந்தார், அவர் பக்கம் மட்டும் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போனது, அவருக்கு அது தெரியவில்லை. நான் சொல்லிவிட்டேன். மாமாவுக்கு முன்னாலேயே, சத்தமாக, பக்கவாதம் என்கிற அந்த வார்த்தையையே சொல்லிவிட்டேன். மாமா சட்டென்று என்னைத் திட்ட வாயெடுத்தார், பிறகு அப்பாவின் கையைப் பார்த்துவிட்டுப் பெட்டியைக் கீழே வைத்தார். அப்பா வெளியே போனார். நான் பின்னாலேயே போய்ப் பார்த்தபோது வண்டியில் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷத்தில் அந்த வண்டியை என்னை ஓட்ட விட்டதில்லை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார், சாவி எனக்காக மாட்டியிருந்தது.

மற்றது நான் தொலைபேசியில் சொன்னதுதான். கழுத்து நாளத்தில் அடைப்பு, அன்றே ஹொனலூலு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நீ இப்போது இங்கே வருகிற விமானத்தில் இருக்கிறாய், இறங்கியதும் இதை உன் கையில் தருவேன், நேரில் சொல்ல எனக்கு வராது. மெல்வின் மாமா எங்கும் போகவில்லை, அதே சிவப்புச் சட்டையோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். இன்று காலை அறுவை முடிந்தது. அப்பா கண் விழித்ததும் செவிலி இரண்டு கையையும் தூக்கச் சொன்னாள். இடது கை எழுந்தது. வலது கை பாதி எழுந்தது.