அப்பா போட்ட மூன்று மார்க்

எங்கள் நீதிபதி அம்மாவுக்கு, உன்னைப் பெற்றவள் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் விரல் போகிறது, பழக்கதோஷம், இந்த ஒரு தடவை அதை எழுதாமல் விடுகிறேன். பதறாமல் முழுக்கப் படி. இதைக் கடைக் கம்ப்யூட்டரில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன், மதியம் ஆள் வராத நேரம், கண் பார்க்கும் டாக்டரம்மா சாப்பிடப் போயிருக்கிறார், எதிர்ச்சுவர் முழுக்கக் கண்ணே இல்லாத கண்ணாடி பிரேம்கள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. போனில் சொல்லலாமே என்பாய். நம் வீடு இருக்கிற லட்சணத்தில் நான் சமையலறையில் முணுமுணுத்தால் உன் அப்பா கட்டிலில் இருந்தபடி பதில் சொல்கிறார், அவருக்குப் பாம்புக் காது. அவர் காதில் விழாமல் உனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது, கடையிலிருந்து கூப்பிட்டாலோ சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிடுவேன், அதனால்தான் இப்படி.

முதலில் உங்கள் இரண்டு பேருடைய சினிமா மார்க்கை நினைவுபடுத்துகிறேன், வினையே அங்கேதான் இருக்கிறது. நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த சமயம், பேப்பர்காரன் நான்கு நட்சத்திரம் போட்ட ஒரு படத்துக்குப் போய்விட்டு நீயும் அவரும் நெளிந்துகொண்டே வெளியில் வந்தீர்கள். பேப்பர்ல பொய் சொல்றாங்க என்று நீ தெருவிலேயே அழ ஆரம்பித்தாய். எவனோ போட்ட மார்க்குக்கு நாம ஏன் அழணும், நமக்குன்னு ஒண்ணு பண்ணிக்கலாம் வா என்று அவர் உன் கையைப் பிடித்துக்கொண்டார், தியேட்டரிலிருந்து வீடு வரும் வழியெல்லாம் அதைச் செய்துகொண்டே வந்தீர்கள், பின்னால் நான் குடையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். படம் நல்லதா கெட்டதா என்பதற்கு மார்க் கிடையாது, அது நம் கூட எவ்வளவு தூரம் வருகிறது என்பதற்குத்தான் மார்க் என்றார் அவர். இடைவேளையில் எழுந்து வந்துவிட்டால் பூஜ்யம், தூங்கிவிட்டால் ஒன்று, முழுக்கப் பார்த்தும் வீட்டுக் கேட்டுக்கு வருவதற்குள் மறந்துபோனால் இரண்டு, மறுநாள் பல் தேய்க்கும்போதும் தலைக்குள்ளேயே இருந்தால் மூன்று, சோறு இறங்கவில்லை என்றால் நான்கு. ஐந்துக்கு என்னப்பா என்று கேட்டாய். அதைக் காலியா வைப்போம், வரும்போது தெரியும் என்றார். அப்புறம் நீ போட்ட சட்டங்கள் வேறு. கேட்டைத் தொடும்வரை யாரும் மார்க்கைச் சொல்லக்கூடாது, தொட்டதும் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும், நான் ஒன்று இரண்டு மூன்று சொன்னதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விரலைக் காட்ட வேண்டும், ஒருவரைப் பார்த்து ஒருவர் மாற்றிவிடக்கூடாதாம். அன்றிலிருந்துதான் நீ அவருக்கு நீதிபதி. எனக்கு மார்க் போடும் உரிமை இல்லை, அம்மா விளம்பரத்துக்கே அழுவா, அவ மார்க் செல்லாது என்று அப்பாவும் மகளும் கூட்டு சேர்ந்து என்னைத் தள்ளி வைத்தீர்கள், அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. அவரோ துணி மில்லில் சோதனை மேசை முன்னால் நின்று நின்றே பிசிறு தேடிப் பழகியவர், மார்க் விஷயத்தில் எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவர். அவர் வாயிலிருந்து ஒரு மூன்று வாங்க நீ படாத பாடு படுவாய். அந்த லாரி டிரைவர் படத்துக்கு மட்டும்தான் நான்கு, அன்றைக்குத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். ஐந்தை இதுவரை யாருக்கும் போட்டதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வயிற்றுக் கட்டிக்கு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பியபோது மாதாமாதம் வந்து காட்டச் சொன்னார்கள் அல்லவா, அங்கே டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு நர்ஸ் பெண் உட்கார்ந்து விவரம் கேட்கும். நல்ல பெண், குரலே இதமாக இருக்கும். ஐயா, உங்க வலிக்கு மார்க் போடணும்னா எவ்வளவு போடுவீங்க என்று கேட்டது. சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கிறார்கள், சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம் வரைக்கும் வரிசையாக, கீழே பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்கள். உன் அப்பா கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார், கண்ணாடிக் கடைக்காரி புருஷனின் லட்சணம் அது. அவருக்குச் சுவரும் தெரியவில்லை, முகமும் தெரியவில்லை. மார்க் என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்து யோசித்தார், சினிமாவுக்கு யோசிப்பாரே அதே மாதிரி, அப்புறம் மூன்று என்றார். அந்தப் பெண் சந்தோஷமாக எழுதிக்கொண்டது. மூணுதானா, ரொம்ப நல்லது, இந்த மாத்திரையே போதும் என்று டாக்டரும் தட்டிக்கொடுத்து அனுப்பினார். அடுத்த மாதமும் மூன்று, அதற்கடுத்த மாதமும் மூன்று. நீ போனில் வலி எவ்வளவுப்பா என்று கேட்கும்போதும் மூன்றுதான், நீயும் அப்பாடா என்றாய், வேலை முடிந்து பெரிய லீவில் வருகிறேன் என்றாய். அந்தக் கணக்கை உண்டாக்கினவளே நீதான், உனக்கும் பொறி தட்டவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கே தட்டவில்லையே. நாள் முழுக்க இந்தக் கடையில் எனக்கு என்ன வேலை, இது தெளிவா அது தெளிவா என்று கேட்பதுதான், கூச்சத்தில் தெளிவா இருக்கு என்பவர்களைப் புருவத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். ஊருக்கெல்லாம் குறி சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம், அந்தக் கதைதான் என் கதை. அவர் படுப்பதை விட்டுவிட்டு நாற்காலியிலேயே இரவைக் கழித்தார், நான் புழுக்கம் என்று நினைத்து மின்விசிறியைத் திருப்பி வைத்தேன்.

போன வாரம் காலையில் குளியலறையில் சத்தம் வந்தது. போய்ப் பார்த்தால் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது, பல் தேய்க்கும் பிரஷ் தொட்டிக்குள் கிடக்கிறது, அவர் இரண்டு கையாலும் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறார், வாயில் நுரை, நெற்றியெல்லாம் வியர்வை. என்னங்க பண்ணுது என்று நான் கத்தினேன். அதான் எல்லார்கிட்டயும் மூணுன்னு சொல்லிட்டேனே என்றார். பல் தேய்க்கும்போதும் கூடவே இருக்கு, அப்போ மூணுதானே. அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. அவங்க கேட்டது பத்துக்குங்க என்றேன். பத்துக்கா என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். சின்னப் பிள்ளை பரீட்சையில் கேள்வியைத் தப்பாகப் படித்துவிட்டு விழிக்குமே, அப்படி. சோறு இறங்குது, அதனால நாலு போட மனசு வரலை என்றார். நான் அவரைத் திட்டினேன், கல்லுளிமங்கா என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன், அப்புறம் நுரையைத் துடைத்துவிட்டு அவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். நான் சொன்னதைக் கேட்டு அந்த நர்ஸ் பெண் முதலில் சிரித்தது, அப்புறம் பேனாவை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. உங்க மூணு எங்க கணக்கில ஒன்பதுங்க ஐயா என்றது. பலமான மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள், இப்போது இரவில் படுக்கிறார், அந்த மட்டும் நிம்மதி. ஆனால் இத்தனை வலி ஏன் என்று மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பு வரைக்கும் பரவியிருக்கிறது கண்ணு. முன்னாலேயே தெரிந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். நோயில ஒண்ணும் மாறியிருக்காதும்மா, இவ்வளவு வலியைத் தாங்கியிருக்க வேண்டாம், அவ்வளவுதான் என்றார். அந்த அவ்வளவுதானை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன் என்று தெரியவில்லை. இனிமேல் வைத்தியம் என்று எதுவும் இல்லையாம், வலி இல்லாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தானாம், வர வேண்டியவர்களை வரச் சொல்லிடுங்க என்றார்.

அவருக்கு எல்லாம் தெரியும். இன்டர்வல் தாண்டியாச்சா டாக்டர் என்று அவரே கேட்டார், டாக்டருக்குத்தான் புரியவில்லை. உன்னிடம் சொல்லக்கூடாது என்று எனக்கு உத்தரவு. அவ லீவு கிடைக்கும்போது வரட்டும், பாதிப் படத்துல ஆளை எழுப்பிக் கூப்பிடாதே என்கிறார். உன் பெரியப்பா வந்து மூன்று மணி நேரம் தன் சர்க்கரை நோயைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார், அவர் தெருமுனை திரும்புவதற்குள் உன் அப்பா, பூஜ்யம், ஆனா எழுந்து வெளியே போக முடியலையே என்றார், நான் சிரித்துத் தொலைத்தேன். மருந்து மயக்கத்தில் சில சமயம் என்னை யாரென்று கேட்கிற மாதிரி பார்க்கிறார், அப்போது மட்டும் எனக்குப் பயம் பிடித்துக்கொள்கிறது. சாயங்காலம் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போடச் சொல்லி வாசல் கேட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

நேற்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். நான் தலையைத் துவட்டிவிட்டுக்கொண்டே, இத்தனை வருஷம் என்னோட ஓட்டிட்டீங்களே, மொத்தத்துக்கும் எவ்வளவு மார்க் போடுவீங்க என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன், கேட்டபிறகு அது விளையாட்டாக இல்லை. கேட்டைத் தொடறதுக்கு முன்னாடி சொல்லக்கூடாது, மறந்துட்டியா என்றார். கேட்டைப் பார்த்தபடியே, நீதிபதி இன்னும் வரலையே என்றார். சொல்லிவிட்டு வலது கையைப் போர்வைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டார். விரலை நீட்டி வைத்திருப்பது போர்வைக்கு மேலேயே தெரிந்தது. தூக்கிப் பார்த்திருந்தால் எத்தனை என்று தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. தூங்கிப்போன பிறகும் அந்தக் கை உள்ளேயேதான் இருந்தது.

அதனால் லீவுக்குக் காத்திருக்காதே. மேலதிகாரியிடம் அழ வேண்டுமானால் அழு, என் மகள்தானே, வரும். மாப்பிள்ளைக்கு வர முடியாவிட்டால் நீ மட்டும் கிளம்பு. டிக்கெட் எடுத்ததும் என் நம்பருக்குச் செய்தி அனுப்பு, வீட்டுக்குப் போன் போட்டு உளறிவிடாதே. பயணத்தில் வெறும் வயிற்றோடு இருக்காதே, கனமான சட்டை ஒன்று எடுத்து வைத்துக்கொள், உனக்குச் சட்டென்று சளி பிடிக்கும். வீடு வந்ததும் ஓடி உள்ளே வந்துவிடாதே, கேட்டுக்கு வெளியிலேயே நில். நான் அவரை எப்படியாவது வாசல் வரைக்கும் கூட்டி வந்துவிடுவேன். நீ ஒரு கையைக் கேட்டில் வைத்து இன்னொரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள். ஒன்று இரண்டு மூன்று நான் சொல்கிறேன்.

நீ எங்கிருந்தாலும் நல்லபடியாக இருக்க வேண்டும், உன் வாழ்க்கை நீண்டு நிறைய வேண்டும் என்று எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. வழியில் பத்திரம்.

இப்படிக்கு,
மார்க் செல்லாத உன் அம்மா