மூன்று வெள்ளிக்கிழமை எரிந்த கிளப் டிவி

கெர்லிங்,
20.11.1985

அன்பு மகள் கலாவதிக்கு அம்மா எழுதுவது. இங்கு நானும் அப்பாவும் முருகன் புண்ணியத்தில் சுகம். எலெக்ட்ரானிக்ஸ் படிக்கப் போன ஜப்பான் குளிரில் நீயும் சுகம் என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம், இல்லையென்றால் மறைக்காமல் எழுது. நீ அனுப்பிய மைக்காத் தகடும் சூடு கடத்தும் வெள்ளைப் பசையும் கடிதமும் தீபாவளிக்கு ஐந்து நாள் முன்னால் வந்தன. கண்ணு, நாம் ஜெயித்துவிட்டோம்!

தோட்டத்துத் தொழிலாளர் கிளப் டிவியை அப்பா மூன்று முறை பழுது பார்த்ததும் மூன்று முறையும் அது எரிந்ததும் உனக்குத் தெரியும். வியாழக்கிழமை நம் கடை மேசையில் அழகாக ஓடும், வெள்ளிக்கிழமை கிளப்பில் சுவிட்சைத் தட்டியதும் டப்பென்று பெரிய டிரான்சிஸ்டர் போய்விடும். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அழகேசன் கடைக்கே வந்து, இன்னொரு வாட்டி எரிஞ்சா டவுனுக்குக் கொண்டு போயிடுவேன் லா, லயத்து வீட்டு ரிப்பேர் வேலையும் இனி ஒங்களுக்கு இல்ல என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. இருபது வருஷம் காப்பாற்றிய பேர், இப்போது கள்ளச் சாமான் போடுகிறார் என்று ஊரே பேசிற்று. எனக்கு வந்த ஆத்திரத்தில் அழகேசன் பெண்டாட்டியோடு பேசுவதையே நிறுத்தினேன்.

உன் கடிதத்தை நான்தான் உரக்கப் படித்தேன். அந்த டிரான்சிஸ்டரின் இரும்புத் தொப்பியிலேயே ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் வரும், அதற்கும் கீழே சூடு தணிக்கும் அலுமினியத் தகட்டுக்கும் நடுவில் மைக்கா மட்டும்தான் காவல், ஈரம் இரண்டையும் சேர்த்துத் தொட்டால் போச்சு என்று நீ எழுதியிருந்த இடத்தில் என் கண் சந்தனக் கிண்ணத்துக்குப் போயிற்று. வெள்ளிக்கிழமை காலையில் கடைக்குச் சாம்பிராணி காட்டி, குறடு முதல் கல்லாப்பெட்டி வரை சந்தனம் வைப்பவள் யார்? திறந்து கிடந்த டிவியில் பளபளவென்றிருந்த அந்தத் தொப்பிக்கும் தாராளமாகவே வைத்தேன், வழிந்திருக்கிறது. உன் அப்பா மட்டும் என்ன, பொட்டைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் மூடியைப் பூட்டியிருக்கிறார்! அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நான்காவது டிரான்சிஸ்டரை நானே மாட்டுகிறேன் என்று பிடிவாதம் பிடித்தேன். வளையலைக் கழற்றி, தாலியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு, நீ எழுதியபடியே பிளக்கைப் பிடுங்கி, கண்டென்சரில் தங்கிய கரண்டைப் பல்பு வழியாக வடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் கை வைத்தேன். உன் அப்பா இத்தனை நாளும் அதை வடிக்க ஸ்குரூ டிரைவரை வைத்துப் பொறி பறக்கவிட்டவர், இனி என் கண்முன்னே அது நடக்காது. புது மைக்கா, இரு பக்கமும் மெல்லிசாகப் பசை. சந்தனம் இப்போது டிவியின் மரப்பெட்டிக்கு வெளியே மட்டும். தீபாவளியன்று கிளப்பில் படம் முழுக்க ஓடிற்று. அழகேசன் முறுக்குத் தட்டோடு வந்து அப்பாவுக்குக் கைகொடுத்தார். அப்பா எழுந்து நின்று, மாட்டுனது நான் இல்ல, எம் பொண்டாட்டி என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன், ஆனால் கைதட்டலை ஒன்று விடாமல் கேட்டேன்.

நோய்நொடி இல்லாமல் நீ நன்றாயிரு, நினைத்ததெல்லாம் உனக்குக் கைகூடட்டும். கரண்டு ஓடும் பெட்டியைச் சோதிக்கும்போது ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள் என்று எனக்கு எழுதினாயே, அங்கே நீயும் அப்படியே செய், மறக்காதே. நாளைக்கு அழகேசன் வீட்டு டிவி வருகிறது. அப்பா தொடக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா அமராவதி,
டிவி ரிப்பேர், கெர்லிங்.